மறைபெயரில் எழுதிய வானநூலறிஞர்

(நமது சங்கத்தின் மரக்காணம் கிளை வாசகசாலை ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எளியேன் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் காரியதரிசி அவர்களிடம் தெரிவித்தபோது அவர்கள் சற்றே திகைத்தார்கள். "தமிழ்ப் பண்டிதராகிய தாங்கள் உமணரைப் பற்றியோ எயிற்பட்டினத்தைப் பற்றியோ பேசுவீர்கள் என்றல்லவோ எண்ணினோம்! மராட்டியத்தில் எழுதிய ஒரு வானநூலறிஞருக்கும் நம் உப்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. மராட்டியர் நமக்கு முற்றிலும் அன்னியர் அல்லர். நம் மாவட்டத்திலேயே உள்ள செஞ்சிக் கோட்டையை 1677-ஆம் ஆண்டில் சிவாஜி கைக்கொண்டார். பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் அங்கிருந்தே அரசு நடத்தினார். ஆயினும் அந்தப் பழைய உறவைப் பாராட்டுவதற்காக நான் இப்பொருளை எடுக்கவில்லை. சென்ற மாதக் கமிட்டியில் நடந்த ஒரு வாதமே இதற்குக் காரணம்.

வாசகசாலைக்குத் தமிழில் விஞ்ஞான நூல்கள் வாங்குவதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கிவரும் சிறு தொகையை இனி அவ்வாறு செலவிட வேண்டாமென்றும், அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் வெளிவரும் பரீட்சை வழிகாட்டிகளை வாங்கலாமென்றும் அங்கத்தினர் சிலர் கூறினார்கள். அவர்கள் கூறிய காரணத்தை நான் மறக்கவில்லை. "விஞ்ஞானம் கற்றவர் ஆங்கிலத்தில் எழுதுவர், கல்லாதவரே தாய்மொழியில் எழுதுவர். இரண்டாந்தரச் சரக்கை நம் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார்கள். இப்படிச் சொன்னவர்கள் பிள்ளைகளின் நன்மையையே நாடுகிறவர்கள்; அவர்கள் மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அன்று நான் விடை கூறாமல் வீடு திரும்பினேன். இன்று விடையாக ஒரு மனிதரின் வரலாற்றைக் கொண்டுவந்திருக்கிறேன். அதைக் கேட்டபின் அத்தொகையைப் பற்றிச் சபையோர் தீர்மானிக்கலாம்.

அவர் பெயர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர். 1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் கோலாப்பூரில் பிறந்தார். தந்தையார் காசி இந்து சர்வகலாசாலையில் கணிதத் துறைத் தலைவர். தாயார் வடமொழி வல்லவர். ஆகவே சிறுவர் வளர்ந்தது காசியில். பள்ளியிற் கற்றது இந்தியில். வீட்டிற் பேசியது மராட்டியம். இதைச் சற்றே கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் நூல்கள் இயற்றிய மொழி, அவர் பள்ளியில் பயின்ற மொழியன்று. அடுக்களையிலும் திண்ணையிலும் கேட்ட மொழி.

1957-இல் காசியில் பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். கணிதத் தேர்வில் மிக உயர்ந்த வரிசையில் தேறுவோர்க்கு அங்கே வழங்கும் 'ராங்க்ளர்' என்னும் சிறப்பைப் பெற்றார். பிரெட் ஹாயில் என்னும் பேரறிஞரிடம் மாணவராக அமர்ந்து 1963-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஈர்ப்பு விசையைப் பற்றி ஒரு புதிய கொள்கையை வெளியிட்டனர். அது இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. 1965-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தபோது அவருக்கு வயது 26! நம்மில் பலர் அவ்வயதில் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்நோக்கிக்கொண்டிருந்தோம். 1972-இல் தாய்நாடு திரும்பிப் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியரானார்.

இவ்வளவும் ஒரு விஞ்ஞானியின் சரித்திரம். இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை தொடங்குகிறது.

மராட்டி விஞ்ஞான பரிஷத் என்று ஒரு சபை உண்டு. 1966-இல் தோன்றியது, தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்புவதே அதன் பணி. அச்சபையார் விஞ்ஞானக் கதைப் போட்டி ஒன்று நடத்தினர். 1974-ஆம் ஆண்டில் அப்போட்டிக்கு ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் நாராயண விநாயக ஜகதாப் என்றிருந்தது. அப்பெயரை எவரும் கேள்விப்பட்டதில்லை. கதையின் பெயர் 'கிருஷ்ண விவரம்'. நடுவர்கள் படித்தனர், முதற்பரிசு அளித்தனர். பிறகே தெரிந்தது, ஜகதாப் என்று ஒருவரும் இல்லை. எழுதியவர் நார்லிகர் என்று.

பெயரைக் கூர்ந்து நோக்குங்கள். ஜயந்த், விஷ்ணு, நார்லிகர் என்பவற்றின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக அடுக்கினால் நாராயண, விநாயக, ஜகதாப் ஆகும். தம் கையெழுத்தை நடுவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று அஞ்சித் தம் மனைவியாரைக் கொண்டு படியெடுக்கச் செய்து அனுப்பினாராம். அவ்வம்மையார் மங்களா என்பவரும் கணிதப் புலமை மிக்கவரே.

உலகப் புகழ் பெற்ற ஒருவர் இவ்வாறு ஒளிந்து எழுதுவானேன்? பெயருக்காகப் பரிசு கொடுத்துவிடுவார்கள் என்பதே அவருடைய அச்சம். தாய்மொழியில் எழுதுவது எளிது, எவ்வாறு எழுதினாலும் ஏற்பார்கள் என்று அவர் எண்ணவில்லை. அங்கேயும் தாம் ஒரு புது மாணவர் என்று எண்ணினார். தமிழில் நான்கு வரி எழுதுவதற்கு முன்பே பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்களை அடுக்கிக்கொள்ளும் எம்போன்றோர் இதைக் கேட்டுச் சிறிது நாணலாம்.

'கிருஷ்ண விவரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் யாரும் கண்ணபிரானைப் பற்றிய விவரங்கள் என்று கொள்ளவேண்டாம். வடமொழியில் விவரம் என்பது துளை, குகை எனப் பொருள்படும், கிருஷ்ணம் கருமை. தமிழில் கருந்துளை என்கிறோம். மிகப் பெரிய விண்மீன் ஒன்று தன்னுள் எரிபொருள் தீர்ந்தபின் தன் பாரத்தாலேயே உள்நோக்கி நொறுங்கிச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க அதன் ஈர்ப்பு வலுக்கிறது. முடிவில் ஒளியும் அதனின்று தப்ப இயலாத நிலை எய்துகிறது. ஒளி வெளிவராத பொருளை நாம் காண்பதெங்ஙனம்? ஆகவே அது கருமை. அதனுள் வீழ்ந்தது மீளாதாகையால் துளை. இவ்வளவையும் ஓர் உழவரும் ஓர் அளத்துத் தொழிலாளியும் விளங்கிக்கொள்ளத்தக்க மொழியில் சொல்ல முடியுமென்று அவர் காட்டினார்.

கதை எழுதும் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. அவர் ஆசிரியர் ஹாயில் 1957-இல் 'கரிய மேகம்' என்று பொருள்படும் பெயரால் ஒரு நாவல் எழுதிப் புகழ் பெற்றவர். ஆசிரியர் ஆங்கிலத்தில் செய்ததை மாணவர் மராட்டியத்தில் செய்தார். அதன்பின் கதைத் தொகுதிகளும், நாவல்களும், வானநூலைப் பொதுமக்களுக்கு விளக்கும் கட்டுரைகளும் வரிசையாக வெளிவந்தன. 'யக்ஷர்களின் கொடை', 'வாமனன் திரும்பி வரவில்லை', 'ஆகாயத்தோடு பிணைந்த உறவு' என்றெல்லாம் அவற்றின் பெயர்களை நாம் தமிழிற் சொல்லலாம். எனக்கு மராட்டியம் எழுத்துக் கூட்டவும் வராது. நான் படித்தவை மொழிபெயர்ப்புக்களே.

அவற்றுள் ஒன்று மத்திய அரசின் பதினோராம் வகுப்பு ஆங்கில வாசகத்தில் இடம் பெற்றது. கங்காதர பந்த் என்னும் சரித்திரப் பேராசிரியர் ஒருவர், ஒரு விபத்தில் சிக்கி நினைவிழந்து விழித்துப் பார்க்கும்போது, வேறொரு பம்பாயில் இருக்கிறார். அங்கே 1761-ஆம் ஆண்டுப் பானிபட் போரில் மராட்டியர் தோற்கவில்லை, வென்றிருக்கிறார்கள்! காரணமென்ன? பேஷ்வாவின் மைந்தர் விசுவாசராவைக் கொன்ற குண்டு, அந்த உலகில் அவர் காதோரமாக உரசிச் சென்றுவிட்டது. ஒரு மயிரிழையில் தேச சரித்திரமே மாறிவிட்டது. அணுவினும் நுண்ணிய பொருள்கள் எவ்வழி செல்லும் என்பதை முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல இயலாது என்னும் பௌதிக சாஸ்திரக் கருத்தை விளக்க அவர் கையாண்ட உபாயம் இது. பானிபட் தோல்வியை நினைத்துப் பெருமூச்சு விடாத மராட்டியர் இல்லை. மக்களின் நெஞ்சில் எந்த இடம் நோகிறதோ அந்த இடத்தில் விஞ்ஞானத்தை வைத்தார்.

அக்கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மாற்று உலகத்துப் பொதுக்கூட்டம் ஒன்றில் மேடைமேல் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது. ஆயிரங் கூட்டங்களுக்குத் தலைமை வகிக்கும் தறுவாயிலுள்ள நம் பேராசிரியர் பொறுக்க மாட்டாமல் ஓடிச்சென்று அதில் அமர்ந்துவிடுகிறார். அவ்வுலகத்து ஜனங்களோ தலைவர் உரை, முன்னுரை, நன்றியுரை எல்லாவற்றையும் எப்போதோ ஒழித்துவிட்டவர்கள். தக்காளியும் முட்டையும் அவர்மேல் வீசுகிறார்கள். நம் அக்கிராசனர் அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை; இவ்வுலகம் பழைய உலகமே.

இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம். 2008-ஆம் ஆண்டில் நார்லிகரும் நண்பர்களும் சோதிடத்தைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார்கள். கல்வியில் சிறந்த குழந்தைகள் நூற்றுவர், மன வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நூற்றுவர் ஆக 200 பேருடைய பிறப்புக் குறிப்புக்களைத் திரட்டினர். அவற்றைக் கலந்து, சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்களைக் கொடுத்து, எது எவ்வகைக் குழந்தையுடையது என்று கேட்டனர். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். சராசரியாக நூற்றுக்கு 46 விடைகளே சரியாயிருந்தன. ஒரு காசைச் சுண்டிப் பூவா தலையா என்று பார்த்துச் சொல்லியிருந்தால் நூற்றுக்கு ஐம்பது கிட்டும். நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் மணமக்கள் அறிவிப்புக்களில் படிப்புக்கு முன்னால் நட்சத்திரம் அச்சாகிறது. அதை மாற்றவேண்டுமென்று நான் பத்திராதிபரைக் கேட்கவில்லை. கேட்டால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடையாது. ஆனால் நட்சத்திரங்களோடு வாழ்நாள் முழுவதும் பழகிய ஒருவர் இப்படிச் சோதித்துப் பார்த்தார் என்பதையாவது நம் பெண்மணிகள் அறிந்திருக்க வேண்டும்.

பிறரைச் சோதித்தவர் தம் கொள்கையைச் சோதனைக்கு உட்படுத்தினாரா என்று கேட்பீர்கள். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமென்று ஒரு கணம் இல்லை, அது என்றும் நிலைபேறுடையது என்பது ஹாயிலும் அவரும் கொண்ட கொள்கை. 1965-இல் விண்வெளியெங்கும் பரவிக் கிடக்கும் ஒருவகை நுண்ணிய வெப்பக் கதிர்வீச்சுப் பற்றிய செய்தி வெளியானபின் அறிஞருட் பெரும்பாலோர் பெருவெடிப்புக் கொள்கையின் பக்கம் சாய்ந்தனர். நார்லிகர் சாயவில்லை. 1993-இல் ஹாயிலோடும் மற்றொருவரோடும் சேர்ந்து தம் கொள்கையைத் திருத்தியமைத்தார். பெரும்பாலோர் அதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆதியும் அந்தமும் இல்லை என்று நம் பெரியோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என மேடையேறிப் பெருமை பேசுவோர்க்கு இது தித்திக்கும். அவர்களோடு நான் சேரமாட்டேன். நான் மதிக்கும் ஒருவர் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இன்றைய சான்றுகள் பெருவெடிப்பின் பக்கமே மிகுதி. ஒருவர் சிறுபான்மைக் கட்சியில் நின்றும், சினவாமல், காரணங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டே வாழ்நாளைக் கழித்தார் என்பதே எனக்கு வியப்பு.

1988-இல் புனாவில் வானநூல் ஆராய்ச்சிக்கெனச் சர்வகலாசாலைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நிலையம் அவர் தலைமையில் தோன்றியது. அங்கே பள்ளிச் சிறுவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் சொற்பொழிவுகள் நடத்தச் செய்தார். சொற்பொழிவு முடிந்ததும் சிறுவர்கள் நோட்டுப் புத்தகங்களை நீட்டிக் கையொப்பம் கேட்பார்கள். அவர் போடமாட்டார். "ஒரு தபால் கார்டில் எனக்கு ஒரு கேள்வி எழுதியனுப்பு, விடை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன்" என்பார். அவ்வாறே எழுதியும் வந்தார். பிரபஞ்சத்தின் வயதைக் கணக்கிடும் கை, ஊர் பேர் அறியாத ஒரு பிள்ளைக்குக் கார்டு எழுதிற்று! 1996-இல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகம் அவருக்குக் கலிங்கப் பரிசு அளித்தது. 2014-இல் மராட்டியத்தில் எழுதிய சுயசரிதைக்குச் சாகித்திய அகாதெமி விருது கிட்டிற்று. 2021-இல் நாசிக்கில் கூடிய மராட்டி இலக்கிய மகாசபைக்கு அவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தனர். புலவர்கள் தங்கள் சபையின் தலைமையை ஒரு விஞ்ஞானிக்கு அளித்தனர் என்பதை நம் தமிழ்ப் புலவர் உலகம் கவனிக்க வேண்டும். ஆயினும் இவையெல்லாவற்றினும் அந்தத் தபால் கார்டே என்னைத் தூங்கவிடாமற் செய்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. இற்றைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன். எட்டாம் வகுப்பில் நெய்தல் நிலத்தைப் பற்றியும், உப்பு வண்டிகளோடு ஊரூராகச் செல்லும் உமணரைப் பற்றியும் வெகு உற்சாகமாக விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். அளத்துத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "ஐயா, உப்பு விளையறதுக்கு முன்னாடி பாத்தித் தண்ணி ஏன் செவப்பா மாறுது?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இது தமிழ் வகுப்பு, அதை விஞ்ஞான வாத்தியாரிடம் கேள், உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையோடு அளத்துக்குச் சென்றான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். என் ஒரு சொல்லால் அவன் படிப்பு நின்றது என்று நான் கூறவில்லை, வறுமை நிறுத்தியது. ஆனால் கேள்வியை நிறுத்தியது நான்.

நார்லிகரின் கார்டைப் பற்றிப் படித்த அன்றிரவு அக்கேள்வி நினைவுக்கு வந்தது. ஒரு மாத காலம் தேடிப் படித்தேன். விடையைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். பிழையிருந்தால் இங்குள்ள விஞ்ஞான ஆசிரியர்கள் திருத்தலாம். பாத்தியில் நீர் வற்ற வற்ற உவர்ப்புச் செறிகிறது. நாம் டிகிரி என்று சொல்கிறோமே, அது இருபத்தைந்தை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்குகிறது. அத்தனை உவர்ப்பில் மீன்கள் பிழைக்கமாட்டா. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத சில நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றுக்கு அந்தச் செறிந்த உவர்நீரே வீடு. கொடிய வெயிலினின்று தம்மைக் காத்துக்கொள்ள அவை தம்முள் செந்நிறப் பொருள்களை உண்டாக்கிக்கொள்கின்றன. காரட்டுக் கிழங்குக்கு நிறந்தருவதும் அவ்வினப் பொருளே. கோடிக்கணக்கில் அவை பெருகும்போது நீர் சிவக்கிறது. சிவந்த நீர் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஏற்பதால் விரைந்து வற்றுகிறது. ஆகவே அந்தச் சிவப்பு உப்பு விளைச்சலுக்கு உதவி செய்கிறது.

இதை எழுதிக்கொண்டு சென்ற மாசி மாதத்தில் அளத்துக்குச் சென்று அவனைக் கண்டேன். கேள்வியை அவன் மறந்திருந்தான். விடையைக் கேட்டுவிட்டு வெகு நேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப மழை பேஞ்சா அதுங்க செத்துப்போயிடுமா, ஐயா?" என்றான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் கேள்வி! அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. இம்முறை தெரியாது என்றே சொன்னேன். பின்னர்ப் படித்தறிந்தேன்: நன்னீர் மிகுந்தால் அவற்றுட் பல வெடித்து மடியும், வேறு சில தாக்குப்பிடிக்கும்.

கமிட்டியார் கூறிய காரணத்துக்கு இப்போது வருகிறேன். கற்றவர் தாய்மொழியில் எழுதார் என்றார்கள். நார்லிகரைக் காட்டிவிட்டேன். தமிழில் யார் என்பீர்கள். பெ. நா. அப்புசாமி வழக்கறிஞர், விஞ்ஞானி அல்லர், ஆயினும் 1917-இல் தொடங்கி 1986-இல் மறையும் வரை எளிய தமிழில் விஞ்ஞானம் எழுதினார். நெல்லை சு. முத்து இந்திய விண்வெளி நிலையத்தில் பணியாற்றிய விஞ்ஞானியே; கவிதையும் எழுதுவார், ராக்கெட்டைப் பற்றியும் எழுதுவார். 2025 மே மாதம் 20-ஆம் நாள் புனாவில் நார்லிகர் காலமானார்; அடுத்த ஜூன் மாதத்தில் முத்துவும் காலமானார். முன்னவர் மறைவைப் பற்றி மராட்டியர் வீடுதோறும் பேசினர். பின்னவர் பெயரை இச்சபையில் எத்தனை பேர் அறிவீர்கள்? கைதூக்க வேண்டாம், நம் வாசகசாலையின் வழங்கற் பதிவேட்டை நேற்றுப் பார்த்தேன். அவருடைய நூல் ஒன்று அலமாரியில் இருக்கிறது; ஒருவரும் எடுத்துச் சென்றதில்லை. எழுதுவோர் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்?

எம்போன்ற பண்டிதர்மீதும் குற்றமுண்டு. கருந்துளை என்பதா, கருங்குழி என்பதா என்று வருஷக்கணக்காக வாதாடுவோம். அதனுள் என்ன நடக்கிறதென்று ஒரு பக்கம் எழுதமாட்டோம். ஆங்கிலம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பரீட்சை வழிகாட்டிகளையும் வாங்குங்கள். உத்தியோகத்துக்கு அவை வேண்டும். ஆனால் பாத்தியின் ஓரத்தில் நின்று ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி ஆங்கிலத்தில் எழுவதில்லை. அதற்கு விடை வேறு மொழியில்தான் கிடைக்குமென்றால் அது கேட்பதையே விட்டுவிடும். நான் கண்ணாரக் கண்டது அது.

அத்தொகையைப் பற்றிய முடிவு கமிட்டியாருடையது. அவர்கள் எப்படித் தீர்மானித்தாலும் நான் ஒரு சிறு காரியம் செய்திருக்கிறேன். வாசகசாலையில் பத்திரிகை மேசைமேல் ஒரு கட்டுத் தபால் கார்டு வைத்திருக்கிறேன். சிறுவர்கள் ஒரு கேள்வி எழுதிப் பக்கத்திலுள்ள தகரப் பெட்டியில் போடலாம். பெயரும் தெருவும் எழுதினால் போதும். தமிழ்க் கேள்விகளுக்கு நான் விடை எழுதுவேன். மற்றவற்றுக்கு நம் சங்கத்துப் பிள்ளைகளில் கல்லூரியில் படிப்பவர் நால்வர் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவார்கள், பிறகு தேடுவார்கள்.

நேற்று மாலை பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு கார்டு இருந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பெண் எழுதியது. அந்த அளத்துத் தொழிலாளியின் மகள். "கடல் தண்ணீர் உப்பாக இருக்கும்போது கடலில் பெய்யும் மழை மட்டும் ஏன் உப்பாக இல்லை?" என்று கேட்டிருக்கிறாள். விடை எழுதிவிட்டேன் அம்மா. நாளைத் தபாலில் வரும். உன் தகப்பனாருக்கும் படித்துக் காட்டு.